சாப்புக்குப் போன கோப்பு

இருளாண்டிக்கு இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டதற்குக் காரணம் ஒரு காணொளி. டவுன் ஓய்வூதிய அலுவலகத்தின் முகப்பில் நின்றுதான் மங்களம் அதைப் பார்த்தாள். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் குரலை உயர்த்தவில்லை. கணினித் திரையைச் சற்றுத் திருப்பி, இது உங்கள் கணவர்தானே என்று மட்டும் கேட்டாள்.

திரையில் அவர்கள் ஊரான ஏழாங்கட்டையின் முனியாண்டி கோவில் திருவிழா. உறுமிச் சத்தம் காதை அடைத்தது. இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டிய இருளாண்டி, சாமி வந்து, இருவர் பிடித்தும் நிற்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். கோவிலின் முகநூல் பக்கத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டிருந்த காணொளி அது. இருளாண்டி காவலராக வேலை செய்த நிறுவனம், அவர் திடமாகத்தான் இருக்கிறார் என்று எழுதிய ஆட்சேபத்தோடு இதையும் சேர்த்து அனுப்பியிருந்தது. தொழிற்சாலை வாசலில் வலிப்பு வந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டவரை வேலையைவிட்டு நிறுத்தியதும் அதே நிறுவனம்தான்.

மேல்முறையீடு செய்யலாம் என்றாள் அந்தப் பெண். ஆனால் இந்தக் காணொளிக்கு மருத்துவ விளக்கம் வேண்டும். நரம்பு நிபுணரிடம் உள்ள கோப்பு முழுவதையும் வாங்கி இணைத்தால் மேல் குழு பார்க்கும்.

மங்களத்துக்கு விளக்கம் தெரியும். கோப்பில் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அதில் பாதி அவள் சொல்லி எழுதப்பட்டது.

ஏழு வருடங்களுக்கு முன்பு, வீட்டில் வந்த வலிப்புக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவள் தன் கைப்பேசியில் இருந்த திருவிழாக் காணொளியை நிபுணரிடம் காட்டினாள். அந்த அம்மாள் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். வாய் மெல்லுவது, வலது கை விறைப்பது, கண் ஒரே பக்கம் நிலைப்பது எல்லாவற்றையும் சுட்டிக்காட்டி, இதுவும் வலிப்புதான் என்றார். விரதம், தூக்கமின்மை, இரைச்சல் மூன்றும் சேர்ந்து கிளப்பிவிடுகின்றன. மாத்திரையை நிறுத்தக்கூடாது, திருவிழாவில் நிற்கக்கூடாது. இருளாண்டி தலையை ஆட்டிவிட்டு வந்தார். வருடம் தவறாமல் விரதமும் இருந்தார், விரத நாட்களில் மாத்திரையையும் நிறுத்தினார். அவருக்குப் பிறகு சாமி யார்மேல் இறங்கும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சாமியாடுவதை நிறுத்திவிட்டால் காரணம் கேட்பார்கள்.

அன்று மாலை கோப்பைப் பற்றி மங்களம் பேச்செடுத்ததும் இருளாண்டி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பணம் வராவிட்டால் போகட்டும், அது வெளியே போகக்கூடாது என்றார். மங்களம் விடவில்லை. ஜாசின் டவுனில் கேன்டீன் பாத்திரம் கழுவித் தன் கை விரல் வெடித்துப்போனதைக் காட்டினாள். வாடகையைச் சொன்னாள், மாத்திரைக்காகச் சீட்டுப் பணத்தில் கை வைத்ததைச் சொன்னாள். நல்ல வார்த்தையாக அவள் எதையும் சொல்லவில்லை. நீங்கள் சாமியாக இருப்பதற்கு நான் எத்தனை காலம் கரி தேய்ப்பது என்றுதான் கேட்டாள்.

அவர் தள்ளி வைத்த தட்டைத் திரும்ப இழுத்தார். பிறகு, "டாக்டர்மாருக்கு மட்டும்தான். வேற ஒரு ஆளு கண்ணுலயும் படக்கூடாது" என்றார்.

அவள் சரி என்றாள். அந்தச் சொல்லை அவள் காப்பாற்றவில்லை. கெட்ட எண்ணத்தால் அல்ல, பழக்கத்தால்.

ஏழாங்கட்டையில் எந்தக் காகிதமும் கோவில் சாப்பு இல்லாமல் வெளியே போனதில்லை. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிபட்டு, எல்லாரும் பக்கத்துக் குடியிருப்பான தாமானின் வரிசை வீடுகளுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. பள்ளி உதவித்தொகை, அடையாள அட்டை, தண்ணீர் மீட்டர் என்று எதுவானாலும், கோவில் நிர்வாகத்தின் தாளில் மலாயில் ஒரு ஆதரவுக் கடிதம், அதன் அடியில் ஊதா மையில் வட்ட முத்திரை. அந்தச் சாப்பைப் பார்த்தால்தான் அரசாங்கம் அசையும் என்று எல்லாரும் நம்பினார்கள். எந்த அலுவலகமும் அதை ஒருநாளும் கேட்டதில்லை. மங்களமும் நம்பினாள்.

சாப்பு செயலாளர் தம்புசாமியிடம் இருந்தது. அவர் பழைய தோட்டக் கிராணி, தோட்டத்துக் கணக்கெழுதியவர். வேலை போய் எத்தனையோ வருடமாகியும் ஊர் அவரைக் கிராணி என்றே அழைத்தது. சனிக்கிழமை காலை மங்களம் ஆஸ்பத்திரியில் வாங்கிய கோப்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், ஆதரவுக் கடிதம் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். உள்ளே இருப்பதைச் சொல்லாமல், வலிப்புக் கேஸ் என்று மட்டும் சொன்னாள். விவரம் தெரியாமல் எப்படி எழுதுவது, வைத்துவிட்டுப் போ, இரண்டு நாளில் தருகிறேன் என்றார் தம்புசாமி. அவள் ஒரு கணம் பையைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு கொடுத்துவிட்டாள். கிராணியிடம் காகிதத்தைக் கொடுக்கத் தயங்கியதாக அந்த ஊரில் யாரும் பேர் எடுத்ததில்லை.

இரண்டு நாளில் கடிதம் வரவில்லை. கூட்டத்துக்கு அழைப்பு வந்தது.

கோவில் மண்டபத்தில் நிர்வாகத்தினர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். இருளாண்டிக்கும் மங்களத்துக்கும் நாற்காலி போடவில்லை. தம்புசாமியின் மடியில் கோப்பு இருந்தது. ஆங்காங்கே மஞ்சள் காகிதத் துண்டு ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். சுவரோரமாக, கணவரை இழந்த ஜெயமணி உட்கார்ந்திருந்தாள். அவள் நிர்வாகத்தில் இல்லை, அவளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

இருளாண்டி கோப்பைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

தம்புசாமி ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும், "மனைவி கூறியது" என்று அழுத்திச் சேர்த்தார். மனைவி கூறியது, நோயாளி திருவிழா நாட்களில் மாத்திரை சாப்பிடுவதில்லை. மனைவி கூறியது, வலிப்பு வரும்போது நோயாளிக்குக் கேள்வி எதுவும் காதில் விழுவதில்லை. பொருளாளர் சிரித்துவிட்டு, "வெள்ளிக்கெழமை சாமி, திங்கக்கெழமை சீக்காளி. நல்ல டியூட்டிதான்லா" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"அது டாக்டருக்கு எழுதுனது, கிராணி. உங்களுக்கு இல்ல" என்றாள் மங்களம். "குடுங்க."

"குடுக்கறேன். அதுக்கு முன்ன ஒரு பேச்சு இருக்கு."

பேச்சு இதுதான். இந்தக் கோப்பை அலுவலகத்தில் கொடுத்தால் முனியாண்டி கோவிலின் மானம் போய்விடும். இத்தனை வருடம் சனம் விழுந்து கும்பிட்டது ஒரு நோயை என்று ஆகிவிடும். ஆகவே கோப்பைச் சேர்க்காமல் மேல்முறையீடு செய்ய வேண்டும். நிர்வாகமே நல்ல கடிதமாக ஒன்று எழுதிச் சாப்பு வைத்துத் தரும். இல்லை, கோப்பைத்தான் கொடுப்பேன் என்றால், நிர்வாகம் இன்னொரு கடிதம் எழுதும். அருள்வாக்கு சொல்லும்போது இருளாண்டி முழு நினைவோடு இருக்கிறார், கேட்ட கேள்விக்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறார் என்று வாக்குக் கேட்டவர்கள் கையெழுத்தோடு அது மேல் குழுவுக்குப் போகும். அந்தக் கடிதம் போனால் ஓய்வூதியம் கிடைக்காது என்பதைத் தம்புசாமி விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

முதல் கையெழுத்து ஜெயமணியுடையது என்று அவர் தீர்மானித்து வைத்திருந்தார். அதற்குக் காரணமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐந்து வருடங்களுக்கு முன்பு அவள் கணவர் வீராசாமிக்குச் சர்க்கரை நோயால் கால் அழுகியது. விரல்களை எடுத்துவிட்டால் உயிர் தப்பும் என்றது ஆஸ்பத்திரி. திருவிழாவில் ஜெயமணி இருளாண்டியின் காலில் விழுந்து, கத்தி வைக்கலாமா என்று கேட்டாள். இருளாண்டி வாய் குழற, "வேணாம், வேணாம்" என்றார். பக்கத்தில் நின்று வாக்கை எடுத்துச் சொல்வது எப்போதும் தம்புசாமிதான். கத்தி வேணாம் என்று ஐயா உத்தரவு என்று அவர் அறிவித்தார். ஜெயமணி கணவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அடுத்த மாதம் அவர் இறந்துபோனார்.

ஜெயமணி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இருளாண்டிக்கு எதிரே வந்து நின்றாள்.

"அன்னைக்கு எங்கிட்ட பேசுனது யாரு?"

இருளாண்டி தரையைப் பார்த்தபடி நின்றார்.

"சாமின்னா சாமின்னு சொல்லு. நீயின்னா நீயின்னு சொல்லு. இந்தக் கோப்பு என்னமோ சீக்குங்குது. என் வீட்டுக்காரரு செத்தது எதுக்குன்னு எனக்குத் தெரியணும்."

தம்புசாமி குறுக்கிட்டு, அதற்குத்தான் அக்கா இந்தக் கடிதம், நீங்கள் கையெழுத்துப் போட்டால் சாமிதான் என்று ஆகிவிடும் என்றார். ஜெயமணி அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த கடிதத்தை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மங்களம் போய் தம்புசாமியின் மடியிலிருந்து கோப்பை இழுத்தாள். அவர் இறுகப் பிடிக்கவில்லை. "எடுத்துக்கம்மா. காப்பி எடுத்து வச்சிருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இருளாண்டி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் உன்கிட்ட" என்றார். மங்களம் சாப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பு இல்லாமல் போனால் மறுபடியும் தள்ளிவிடுவார்கள் என்று பயந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே அபத்தமாகப் பட்டது. கோபம் தம்புசாமிமேல் போவதற்குப் பதிலாகக் கணவர்மேல் திரும்பியது. அன்றைக்கே டாக்டர் சொன்னபடி திருவிழாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்றைக்கு மறைக்க என்ன இருந்திருக்கும் என்று கேட்டாள். அந்த வாரம் முழுவதும் இருவரும் ஒரே வீட்டில் வாய் திறக்காமல் இருந்தார்கள். தாமானில் பலசரக்குக் கடைக்காரர் மங்களத்தைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அவர்களுடைய மோட்டார் சைக்கிளின் இருக்கையில் யாரோ எலுமிச்சம்பழத்தை நசுக்கி வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலையில் பசியாறும் நேரத்தில் ஜெயமணி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தம்புசாமியின் கடிதத்தை வெளியே எடுத்தாள். கையெழுத்துக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது.

"அங்க அத்தன பேரு முன்னால வாயத் தொறக்கல. இங்க யாரும் இல்ல. சொல்லு" என்றாள் இருளாண்டியிடம்.

அவர் எழுந்து நின்றுதான் பேசினார். "எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே நெனவில்லக்கா. நீங்க வந்ததும் தெரியாது, கேட்டதும் தெரியாது. நான் வாக்கு சொன்னேன்னு மறுநாளுதான் கிராணி சொன்னாரு."

"மறுநாளு தெரிஞ்சிச்சில்ல?"

"தெரிஞ்சிச்சு."

"அப்ப வந்து சொல்லியிருக்கணும். அவரு அப்ப உசுரோடதான இருந்தாரு."

"ஆமாக்கா."

அந்த ஆமாவைக் கேட்ட மங்களம், இப்படி ஒத்துக்கொண்டால் இந்தப் பெண்பிள்ளை நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தாள். அவர் பேச்சை நிறுத்த ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் எடுத்தாள். அதற்குள் இருளாண்டி உள்ளே போய்க் கோப்பைக் கொண்டுவந்துவிட்டார். பக்கங்களைப் புரட்டி ஒரு தாளை உருவி ஜெயமணியிடம் நீட்டினார். இதை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மகளிடம் காட்டுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள் என்றார். ஜெயமணியின் மகள் புனிதா பாச்சாங்கில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருந்தாள்.

"எதுக்கு அவங்களுக்குக் குடுக்கறீங்க?" என்று மங்களம் கத்தினாள்.

"இது என்னோட சீக்கு. நான் குடுக்கறேன்" என்றார் அவர்.

ஜெயமணி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று மங்களத்தைக் கேட்டாள். மங்களம் சொல்ல மறுத்தாள். இருளாண்டியே சொன்னார். வலிப்பு வரும்போதெல்லாம் அவர் வாயில் வருவது ஒரே சொல். சமையல்கட்டில் விழுந்தபோதும் அதுதான், தொழிற்சாலை வாசலில் விழுந்தபோதும் அதுதான். வேணாம், வேணாம். அதை மனைவி டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், டாக்டர் எழுதி வைத்திருக்கிறார்.

ஜெயமணி தாளை மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"வேற எது கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பியா?"

"ஆமாக்கா."

"ஆபரேஷன் பண்ணாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டிருந்தாலும்?"

அவர் ஆமென்று தலையை மட்டும் அசைத்தார்.

அவள் தம்புசாமியின் கடிதத்தை நான்காகக் கிழித்தாள். துண்டுகளைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். மங்களம் அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜெயமணி உதறிவிட்டாள்.

"உங்க மேல எரக்கப்பட்டுக் கிழிச்சேன்னு நெனச்சுக்காத. நல்ல நெனவோட சாமி வாக்குதான் சொன்னாருன்னு நான் கையெழுத்துப் போட்டா, பழி சாமி மேலயும் அதக் கேட்ட என் மேலயும் போயிரும். சீக்குன்னாதான் மறைச்சவங்க மேல நிக்கும். உன் புருஷன் மேல நிக்கும், உன் மேல நிக்கும், அந்தக் கிராணி மேல நிக்கும்."

பிறகு இருளாண்டியைப் பார்த்துச் சொன்னாள். உன் பணம் கிடைக்கும்வரை நான் பேசமாட்டேன், நீ சோத்துக்கு இல்லாமல் கிடந்து அதை வைத்து ஊர் உன்னைப் பாவம் என்று சொல்லக்கூடாது. பணம் கிடைத்த வாரம் வெள்ளிக்கிழமை பூசையில் இந்தத் தாளை எல்லாருக்கும் வாசிப்பேன். வாசலைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து, "கெடச்சா நீயே வந்து சொல்லணும். நான் விசாரிச்சுக்கிட்டு அலைய மாட்டேன்" என்றாள்.

மற்றக் கையெழுத்துகளும் தம்புசாமிக்குக் கிடைக்கவில்லை. ஜெயமணி போடாததைப் போட யாருக்கும் துணிவு வரவில்லை. மங்களம் மேல்முறையீட்டைச் சாப்பு இல்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். முகப்புப் பெண் தாள்களைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, எல்லாம் இருக்கிறது என்றாள். எதுவும் குறைவதாக அவள் சொல்லவில்லை.

மேல் குழுவில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் காணொளியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டார். மேளம் கேட்காமல் பார்த்தபோது அதில் ஆட்டம் எதுவும் தெரியவில்லை என்று மங்களத்துக்குத் தோன்றியது. ஒரு மனிதர் எதையோ மென்றுகொண்டு எங்கேயோ இழுபட்டுப் போனார். டாக்டர் மலாயில் கேட்டார்: இந்த நேரத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? இல்லை என்றார் இருளாண்டி. வரக்கூடும் என்று தெரிந்தேதான் மாத்திரையை நிறுத்தினீர்களா? ஆமாம் என்றார். ஏன்? இருளாண்டி மலாயில் சொல் தேடினார். கிடைக்கவில்லை. டாக்டர் காத்திருந்துவிட்டு, இனி நிறுத்தாதீர்கள் என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

அங்கீகாரக் கடிதம் மழைநாளொன்றில் வந்தது. மங்களம் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். ஒரு மாதம் போகட்டும், ஊர் கொஞ்சம் மறக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் தபால்காரர் வந்ததை இருளாண்டி பார்த்திருந்தார். எங்கே என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. வங்கி அட்டையை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் இருந்த பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பணம் விழுந்திருந்தது. அங்கிருந்து நேராக ஜெயமணி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றாள் மங்களம்.

"வர்றியா, வரலியா? வெள்ளிக்கெழமை நான் போறேன்."

வெள்ளிக்கிழமை அவள் போனாள். கணவரைத் தனியாக அனுப்பினால் அடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் போனாள். மோட்டார் சைக்கிளைக் கோவில் வாசலுக்கு நேரே நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இருளாண்டி வேலியைப் பிடித்தபடி வெளியே நின்றார். பூசை முடிந்து விபூதி கொடுக்கும் நேரத்தில் ஜெயமணி ஒலிவாங்கியின் முன் போய் நின்று தாளை விரித்தாள். புனிதா தமிழில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வரி முடிவதற்குள் தம்புசாமி சுவிட்சை அணைத்தார்.

"இது கோவிலும்மா. ஆஸ்பத்திரி இல்ல."

"ஆஸ்பத்திரியில கேக்க வேண்டியத இங்கதான கேட்டேன்" என்றாள் ஜெயமணி. "நீங்கதான பதிலும் சொன்னீங்க."

ஒலிவாங்கி இல்லாமலே படித்தாள். தோட்டத்தில் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். வெளியே வேலிவரை தெளிவாகக் கேட்டது. சிலர் எழுந்து போனார்கள். பொருளாளர் வாசலுக்கு வந்து இருளாண்டியைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். வீராசாமியின் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ ஒரு பெண், போதும் ஜெயமணி என்றாள். ஜெயமணி நிறுத்தவில்லை.

மங்களம் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாள். "வாங்க. கேட்டது போதும்."

இருளாண்டி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் காட்டினார், சத்தம் வேண்டாம் என்பதுபோல.

"அவங்க படிச்சு முடிக்கட்டும்" என்றார்.

உள்ளே ஜெயமணி அடுத்த வரிக்கு வந்திருந்தாள். மனைவி கூறியது என்று படித்துவிட்டு, தாளிலிருந்து கண்ணை எடுத்து வாசல் பக்கம் பார்த்தாள். இருந்த சனம் முழுவதும் அவளோடு திரும்பியது. மங்களம் இயந்திரத்தை அணைத்தாள்.